அட்டையில் நான்கு ஊசிகள்

டிசம்பர் 9, செவ்வாய்

நாத்தனார் ஃபோன் பண்ணினாள். இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு வருகிறாளாம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பிவிடுவாள். "ஒரு நாள் தங்கிட்டுப் போயேம்மா" என்றேன். "இடம் மாறினா அவன் தூங்க மாட்டான் அண்ணி" என்றாள். அவனுக்கு ஒன்பது மாதம். பதினோரு வருடம் காத்திருந்து பெற்றவன், அதுவும் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டான். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். இன்னொருவர் கையில் பத்து நிமிடம் கொடுக்கமாட்டாள். அவளை என்ன சொல்ல முடியும்?

இந்த விடுமுறைக்கு எல்லோருக்கும் என் கையாலேயே தைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன். மாமாவுக்கு, அதான் என் மாமனாருக்கு, முதுகில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை. இவருக்கு ஸ்பானர்களைச் சொருகிச் சுருட்டி வைக்க ஒரு கனத்த துணிப்பை. லிப்ட் ரிப்பேருக்குப் போகிற மனிதர் சாமான்களைக் கிழிந்த பிளாஸ்டிக் கவரில் கட்டிக்கொண்டு போகிறார், பார்க்கச் சகிக்கவில்லை. மகளின் நாற்காலிக்கு ஒரு மெத்தை. நாத்தனாருக்கு ஏப்ரன். குழந்தைக்கு யானை.

யானை என்று ஃபோனில் சொன்னதுமே நாத்தனாரின் கேள்விகள் ஆரம்பித்தன. "கண்ணுக்கு என்ன வைப்பீங்க? பொத்தான் வேண்டாம், பிய்ச்சு வாயில போட்டுப்பான்." நூலிலேயே கண் போடுகிறேன் என்றேன். "உள்ள என்ன அடைப்பீங்க?" புதுப் பஞ்சு என்றேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் அப்படித்தான் கேட்பாள். கேட்பது நியாயமும்கூட. எனக்குத்தான் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்த மாதிரி வியர்த்தது.

டிசம்பர் 13, சனி

காலையிலிருந்து வெட்டுகிற வேலை. சாப்பாட்டு மேசை முழுக்கச் சாம்பல் நிறத் துணி. மகள் வந்து பார்த்துவிட்டு, "இது யானையா, கார் கவரா?" என்றாள். பதின்மூன்று வயது. வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குவதால் மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறோம். தும்பிக்கை நீளம் போதாது என்று அளந்து காட்டினாள். போதாதுதான். மறுபடி வெட்டினேன்.

ஏன் இந்த யானையை மட்டும் இத்தனை தடவை அளக்கிறேன் என்று யோசித்தேன். தெரியாமல் என்ன? நாலு வருடத்துக்கு முன் நாத்தனார் ஒரு இன்டர்வியூவுக்காக வைத்திருந்த சட்டையை நான் இஸ்திரி போட எடுத்தேன். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள் என்று பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். முதுகுப் பக்கம் முழு அச்சு விழுந்துவிட்டது. அவள் கோபப்படக்கூட இல்லை. சிரித்துக்கொண்டே, "அண்ணி வீட்டுல எது எங்க இருக்குன்னு அண்ணிக்கே தெரியாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அன்றைக்குத் திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்.

டிசம்பர் 17, புதன்

கால்களைப் பொருத்தியாயிற்று. இதற்கென்றே விரல் நீளத்துக்கு ஒரு ஊசி விற்கிறார்கள், அட்டைக்கு ஐந்து. உடம்பின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, இரண்டு காலையும் ஒரே நூலில் இழுத்துக் கட்டலாம். யானை உட்கார்ந்தால் சாயவில்லை. மாமாவின் தலையணைக்கும் மேஸ்திரியின் மெத்தைக்கும் அதே ஊசியால் நடுவில் முடிச்சுப் போட்டு இழுத்தேன். பஞ்சு இனி ஒரு பக்கம் ஒதுங்காது.

டிசம்பர் 20, சனி

முடிந்தது! அதே நீள ஊசியால் யானையின் முதுகை மூடிக்கொண்டிருக்கும்போது நான் வேலை பார்க்கும் லேபிலிருந்து மூன்று ஃபோன், நடுவில் பாலும் பொங்கிவிட்டது. இருந்தாலும் முடித்துவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு யானையை ஜன்னலில் உட்கார வைத்துவிட்டு, தூரத்தில் நின்று பார்த்தேன். என்னைக் கொஞ்சம் கர்வத்தோடு திரும்பிப் பார்த்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

நல்ல நாள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மாமா தலையணையை முதுகில் வைத்தார், அப்புறம் எடுக்கவே இல்லை. சாப்பிட எழுந்தபோதும் கையோடு தூக்கிக்கொண்டே வந்தார். இவர் ஸ்பானர்களை அளவு வாரியாகச் சொருகி, சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டி, சின்னப் பிள்ளை மாதிரி. குழந்தை யானையைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டான் பாருங்கள், மாமாவுக்கே கேட்டுவிட்டது. காது மந்தமான மனிதர், "யாரு வந்திருக்கா?" என்று வாசலைப் பார்த்தார்.

நாத்தனார் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதை இழுத்தாள். கண்ணை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "நல்லாத் தைச்சிருக்கீங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதும். பல் முளைக்கிற நேரம், குழந்தை தும்பிக்கையை வாயில் வைத்துக்கொண்டேதான் ரயிலேறினான்.

அவள் கண்ணுக்குக் கீழே என்ன அப்படிக் கறுத்துக் கிடக்கிறது?

டிசம்பர் 22, திங்கள்

ஊசி ஒன்று குறைகிறது.

காலையில் தையல் சாமான்களை எடுத்து வைக்கும்போது பார்த்தேன். அட்டையில் ஐந்து பள்ளம், நான்கு ஊசி. பெட்டியைக் கவிழ்த்தேன். மேசை, மேசைக்கு அடியில், சோபா இடுக்கு, மெஷின் இழுப்பறை, குப்பைக்கூடை. மேஸ்திரியைச் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பாயை மாடியில் கொண்டுபோய் உதறினேன். இல்லை.

பதினாறு வருடமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது பேர், எழுபது பேர். குத்தி எடுத்த அடுத்த நொடி ஊசி கழிவு டப்பாவுக்குள் விழுந்துவிடும். ஒன்றுகூடத் தவறியது கிடையாது. வீட்டில் மட்டும் ஏன்?

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது கூப்பிட்டால் ஊசியைக் கையிலிருக்கும் துணியிலேயே குத்திவிட்டு எழுந்துபோவேன். பஞ்சடைத்த உருப்படியாக இருந்தால் ஊசி முழுசாக உள்ளே போய்விடும். திரும்பி வந்து, அட்டையிலிருந்து வேறு ஊசியை எடுத்துத் தைக்க ஆரம்பித்திருப்பேன். சனிக்கிழமை மூன்று ஃபோன். பால் வேறு.

நீள ஊசி பட்டது மூன்று உருப்படியில். மாமாவின் தலையணையை வாங்கிப் பிரித்தேன். "என்னம்மா, அதுக்கும் ஆபரேஷனா? முதுகுவலி எனக்குத்தானே?" என்றார். பஞ்சைக் கொத்துக் கொத்தாகப் பிய்த்துப் பார்த்தேன். இல்லை. மெத்தையைப் பிரித்தேன். இல்லை.

பாக்கி ஒன்றுதான்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தபோது சொன்னேன். முகம் மாறிவிட்டது, ஆனால் பேச்சு என்னவோ சாதாரணமாகத்தான். "எங்கயாவது விழுந்திருக்கும். எதுக்கு அவளைப் பயமுறுத்தணும்? காது தையல் சரியில்ல, பிரிச்சுத் தைக்கணும்னு சொல்லி வாங்கிடு." எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. ஆமாம், சௌகரியம். வேறு நல்ல வார்த்தை தேடுவானேன்.

ஃபோன் பண்ணினேன். காது விஷயத்தைச் சொன்னேன்.

"காதா? நான் இழுத்துப் பார்த்தேனே, நல்லாத்தானே இருக்கு?"

"இல்லம்மா, ஒரு பக்கம் சந்தேகமா இருக்கு. அதுவரைக்கும் அவன்கிட்ட கொடுக்காத."

"அண்ணி, ஒரு காது பிய்ஞ்சா யானை செத்துப் போயிடாது" என்று சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை, என்னோடு சேர்ந்து சிரித்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "நேத்து அதைக் கட்டிக்கிட்டு மூணு மணி நேரம் ஒரே மூச்சாத் தூங்கினான். நானும் கொஞ்சம் கண்ணை மூடினேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வரேன்."

சரி என்று வைத்துவிட்டேன். சரியா? என்ன சரி?

டிசம்பர் 23, செவ்வாய்

விடுமுறையில் கூட்டம் குறைவு என்றாலும் லேபுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஒரு பெரியவருக்கு இரண்டு தடவை குத்தினேன். "என்ன சிஸ்டர், உங்க கை வலிக்காதுன்னுதானே இங்க வரேன்?" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

மேஸ்திரி பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தம் எடுத்து வைத்திருந்தாள். ஒரு குஷனுக்குள் ஊசியை ஒளித்துவைத்து, மேலே காந்தத்தை ஓட்டினாள். ஊசி இருந்த இடத்தில் நின்றுவிட்டது. வேலை செய்கிறது. "அத்தைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

சனிக்கிழமை இவரே போய் வாங்கி வருவதாகச் சொல்கிறார். சனிக்கிழமை! இன்னும் நாலு நாள். நாலு நாளும் அவன் அதைக் கடிப்பான், அதன்மேல் படுப்பான், முகத்தோடு அழுத்திக்கொள்வான். நான் இங்கே உட்கார்ந்து சனிக்கிழமையை எண்ணுவேனா? நான் என்ன மனுஷி? அவ திட்டுவாளேன்னு பயம். 'அண்ணிக்கே தெரியாது'ன்னு மறுபடி சொல்லிடுவாளோன்னு பயம். சொல்லட்டுமே! சொன்னா என்ன, செத்தா போயிடுவேன்? அந்தப் பிஞ்சு வாய்—

எழுத முடியவில்லை.

டிசம்பர் 24, புதன்

காலை ஆறரைக்கு அவளைக் கூப்பிட்டேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். கேட்டால் வேண்டாம் என்பார், அதனால்தான் அந்த நேரம்.

"யானையை அவன்கிட்டேருந்து எடு. உடனே எடு. அப்புறம் பேசறேன்" என்றேன். குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. எடுத்துவிட்டாள். பிறகு சொன்னேன். ஊசி. விரல் நீளம். உள்ளே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மற்ற இரண்டையும் பிரித்துவிட்டேன். காது நன்றாகத்தான் இருக்கிறது, காது பொய்.

அவள் கத்தவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

இப்போதுதான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"முந்தாநாள் காலைல" என்றேன்.

ஃபோன் வைக்கப்பட்டது.

லேபுக்கு லீவு சொல்லிவிட்டு எட்டு மணி ரயிலைப் பிடித்தேன். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே. பெட்டி முழுக்க விடுமுறைக் கூட்டம், சூட்கேஸ்கள், பரிசுப் பொட்டலங்கள், எல்லோர் மடியிலும் குழந்தைகள். பையில் காந்தம், கத்தரி. ஒரு அம்மாவின் மடியில் ஒரு குழந்தை துணி பொம்மையைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

நாத்தனார் கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. குழந்தை இடுப்பில், அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. யானையை மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்து ஃபிரிட்ஜ் மேலே ஏற்றியிருந்தாள். இறக்கி மேசையில் வைத்தாள். "நீங்களே பாருங்க."

தும்பிக்கையில் ஆரம்பித்தேன். ஒன்றுமில்லை. காதுகள், முன்னங்கால்கள், வயிறு, ஒன்றுமில்லை. இல்லை போலிருக்கிறது, வீட்டில்தான் எங்கேயோ—

முதுகில், தையலுக்கு இரண்டு விரல் தள்ளி, துணி தானாக எழும்பிக் காந்தத்தைத் தொட்டது.

அவளும் பார்த்தாள். நான் வெட்டினேன். பஞ்சுக்கு நடுவே, படுக்கை வசமாக. நுனி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் வெளியே வந்திருக்கும்.

அவள் ஊசியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பஞ்சில் சுற்றி ஒரு மாத்திரை டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அப்புறம் குழந்தையை மேசையில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றினாள். உள்ளங்கை, விரல் இடுக்கு, கன்னம், ஈறு, காதுக்குப் பின்னால், தொடை. ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தான். அப்போதுதான் அவள் அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன்.

"தொடாதீங்க. போயிட்டு வாங்க அண்ணி."

ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அடுத்த ரயில் ஒன்றரை மணி நேரம் கழித்து. பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். கீறல் இல்லை, கீறல் இல்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

இவரோடு சண்டை. "எல்லாம் சரி, முந்தாநாள்னு எதுக்குச் சொன்ன? இப்பதான் பார்த்தேன்னு சொல்லியிருந்தா இந்த அளவுக்குப் போயிருக்காதே" என்கிறார். தங்கை அவர் ஃபோனையும் எடுக்கவில்லை. காது யோசனை யாருடையது என்று கேட்டேன். எழுந்து போனார். போகிற போக்கில் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு போனார், வேலையே இல்லாத நாளில்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? நல்லவளாக இருக்க என்று எழுத ஆசை. அப்படியில்லை. காதுப் பொய்யைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் பட்டது போதும் என்று இருந்தது, அவ்வளவுதான்.

டிசம்பர் 28, ஞாயிறு

மெஷினுக்கு உறை போட்டு மூலையில் தள்ளிவிட்டேன். ஏப்ரன் அங்கேயே கிடக்கிறது. அன்றைக்குக் கயிறு வைத்து முடிக்க நேரமில்லாமல், நாத்தனாரிடம் கொடுக்கவே இல்லை. நானும் முடிக்கவில்லை.

மாமா மட்டும் பஞ்சு பிதுங்கும் தலையணையை அப்படியே முதுகில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுந்து நடந்தால் பின்னால் பஞ்சு உதிர்ந்துகொண்டே வருகிறது. "தைச்சுத் தரட்டுமா மாமா?" என்றேன். "உனக்கு எப்பத் தோணுதோ அப்பத் தைம்மா. எனக்கென்ன, எங்க போனேன்னு கண்டுபிடிக்க உங்களுக்கும் சுலபம்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஃபோன் இல்லை.

ஜனவரி 1, வியாழன்

எல்லா வீட்டிலிருந்தும் வாழ்த்துச் சத்தம். பக்கத்து வீட்டார் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினொரு மணிக்கு அவள் பெயர் ஃபோனில் வந்தது. எடுக்கப் பயம். மேஸ்திரி எடுத்து என் காதில் வைத்துவிட்டாள்.

"அண்ணி, நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

"இரும்மா. இருக்க வேண்டியதுதான்."

"ரெண்டு நாள். ரெண்டு நாள் என் புள்ள அதுமேல படுத்திருந்தான். அதை நினைச்சா உங்க மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னு தோணுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா இப்பதான் பார்த்தேன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் நம்பியிருப்பேன். அதையும் நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

பல் வந்துவிட்டதா என்று கேட்டேன். கீழே ஒன்று வந்துவிட்டதாம். யானையை அவளே தைத்துவிட்டாளாம். "சாக்கு மூட்டை தைச்ச மாதிரி இருக்கு. அவனுக்கு என்ன தெரியும், அதையும் கட்டிக்கிட்டுத்தான் தூங்கறான். என்ன, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்துக்கறான்" என்றாள். குரல் கரகரத்துக் கிடந்தது. கடையில் மாத்திரைப் பெட்டி ஒன்றை இடம் மாற்றி அடுக்கிவிட்டாளாம், கூட வேலை பார்ப்பவர் பார்த்துச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவளே, "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள்? இடம் மாற்றி?

ஜனவரி 4, ஞாயிறு

மாமாவின் தலையணையைத் தைத்தேன். மெத்தையையும். மேஸ்திரி எதிரே உட்கார்ந்து, எடுத்த ஊசிக்கு ஒரு கோடு, வைத்த ஊசிக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டாள். நான் எழுந்தால், "கையில என்ன இருக்கு, காட்டுங்க" என்கிறாள். இவர் அதைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஸ்பானர்களுக்கு ஒரு நோட்டு வேண்டும் என்றார். சண்டை அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 10, சனி

நாளைக்கு வருகிறாளாம். அண்ணனிடம்தான் சொல்லியிருக்கிறாள், என்னிடம் இல்லை. எதற்கு என்று சொல்லவில்லை. காலையிலிருந்து தரையை மூன்று தடவை பெருக்கிவிட்டேன். காந்தத்தைக் கயிற்றில் கட்டி சோபாவுக்கு அடியில்கூட இழுத்தேன். ஒரு ஹேர்பின், இரண்டு ஆணி.

என்ன சொல்லப் போகிறாள்?

ஜனவரி 11, ஞாயிறு

பத்தரைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு குழந்தையை என் பக்கம் நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கனமாகிவிட்டான்.

"ஒரு மணி நேரம் படுத்துக்கட்டுமா அண்ணி? நிக்க முடியல."

மேஸ்திரியின் அறையில் படுத்தாள். பால் புட்டி, மாற்றுத் துணி எல்லாம் பையில் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தவள், பாதியிலேயே தூங்கிப்போனாள். போர்வையை நான்தான் இழுத்துவிட்டேன்.

பன்னிரண்டுக்கு எட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் பார்த்தேன். புரண்டுகூடப் படுக்கவில்லை. குழந்தை மாமாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான், மேஸ்திரியின் மடியில் ஈரம் பண்ணினான், இவர் தோளில் அரைமணி தூங்கி எழுந்தான். மூன்றேகாலுக்கு நாத்தனாரின் ஃபோன் அடித்தது. கப்பலிலிருந்து அவள் கணவர். நான்தான் ஓடிப்போய் எடுத்தேன்.

"தூங்கறா. எழுப்பட்டுமா?" என்றேன்.

"தூங்கறாளா?" என்றார். "குழந்தை?"

"என் இடுப்புல இருக்கான்."

"எழுப்பாதீங்க அக்கா. நான் அப்புறம் பண்றேன்."

மணி நாலேகால். மாலை ரயில் போயிருக்கும். குழந்தை என் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறான், அதனால்தான் எழுத்து இப்படி. பசிக்க ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, முகம் சுளிக்கிறான். அழுதால் அவள் எழுந்துவிடுவாள். வாழைப்பழம் மசித்துக் கொடுக்கப் போகிறேன்.